பழைய சாமான் கடையில் நான்கு டாலருக்குக் கிடைத்த மாயா மட்கலம்: ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு, சுருக்கமாக

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன் பக்கத்தில் ஒரு பழைய சாமான் கடை. அங்கே தள்ளுபடி அடுக்கில் கிடந்த மண்குவளை ஒன்றை ஒரு பெண்மணி 3.99 டாலருக்கு வாங்கினார். அன்றைய மதிப்பில் முந்நூறு ரூபாய்கூட வராது. ஏறக்குறைய ஐந்து வருடம் அது அவர் வீட்டில் அழகுப் பொருளாக இருந்தது. 2024 ஜனவரியில் மெக்சிகோ போயிருந்தபோது அங்கே அருங்காட்சியகத்தில் அதே சாயலில் கலங்களைப் பார்த்தார், சந்தேகம் வந்தது, விசாரித்தார், அசல் மாயா மட்கலம் என்று தெரிந்தது, அதே ஆண்டு ஜூனில் மெக்சிகோ அரசிடம் ஒப்படைத்துவிட்டார்.

பல நாடுகளில் இது செய்தியானது. பெரும்பாலும் விலையைப் பற்றிய வியப்பாகவே ஓடியது. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு இரண்டு விஷயங்கள். தொல்லியல் படிக்காத ஒருவர் வரிசையாகச் சரியான முடிவுகளை எடுத்திருக்கிறார், அவற்றை யார் வேண்டுமானாலும் பின்பற்றலாம். ஆனால் இவ்வளவும் சரியாக நடந்த பிறகும் அந்தக் கலத்தைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்க வேண்டியதில் பாதிக்கு மேல் திரும்பி வரவில்லை, இனி வரப்போவதும் இல்லை. இந்த இரண்டாவது விஷயத்தை யாரும் அதிகம் பேசவில்லை என்பதால்தான் இதை முழுசாக எழுதிவைக்கிறேன். சம்பந்தப்பட்டவர் பெயரும் கடையின் பெயரும் இங்கே தேவையில்லை.

பின்னணி: இது என்ன மாதிரியான பொருள்

மாயா மக்கள் மறைந்துபோனவர்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தெற்கு மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் பெலிஸிலும் இன்றைக்கும் பல இலட்சம் பேர் மாயா மொழிகளைப் பேசிக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்களுடைய முன்னோர்கள் ஏறத்தாழ கி.பி. 250 முதல் 900 வரையிலான செவ்வியல் காலத்தில் திகால், கலாக்முல், நரன்ஹோ, பாலெங்கே போன்ற நகர அரசுகளை நடத்தினார்கள். வண்ணம் தீட்டிய மட்கலங்களின் உச்சம் அந்தக் காலம்தான்.

அந்தக் கலங்கள் ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், மாயாக்களின் புத்தகங்கள் கிட்டத்தட்ட எல்லாமே போய்விட்டன. மரப்பட்டைத் தாளில் எழுதி மடித்து வைத்த ஏடுகள் அவை; மழைக்காட்டு ஈரத்தில் மக்கியது ஒரு பக்கம், 1562இல் மெக்சிகோவின் யுகத்தான் பகுதியில் மானி என்ற ஊரில் தியேகோ தெ லாந்தா என்ற பாதிரியார் குவித்து எரித்தது இன்னொரு பக்கம். இன்று உலகத்தில் மிச்சம் நான்கே நான்கு ஏடுகள், அவையும் செவ்வியல் காலம் முடிந்த பிறகு எழுதப்பட்டவை. ஆக, செவ்வியல் கால மாயா ஓவியர் ஒருவர் தூரிகை பிடித்து என்ன வரைந்தார், எப்படி எழுதினார் என்று பார்க்க வேண்டுமானால் பொனம்பாக் போன்ற ஒரு சில இடத்துச் சுவரோவியங்களை விட்டால் நமக்கு இருப்பது மண்பாண்டம்தான். கல்தூண்களில் அரசர்கள் பிறந்ததும் பட்டம் கட்டியதும் போரில் வென்றதும் இருக்கும். அரண்மனைக்குள் யார் யார் எப்படி உட்கார்ந்தார்கள், என்ன குடித்தார்கள், கப்பம் எப்படிக் கொண்டுவந்து வைத்தார்கள், பாதாள உலகத்தைப் பற்றி என்ன கதை சொன்னார்கள் என்பதெல்லாம் குவளைகளில்தான் இருக்கிறது.

செய்முறையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாயாக்களிடம் குயவர் சக்கரம் கிடையாது. களிமண்ணைத் திரித்துச் சுருள் சுருளாக அடுக்கி, கையால் வழித்து, அவ்வளவு சீரான உருளை வடிவக் குவளைகளைச் செய்தார்கள். வண்ணங்களும் மண்ணிலிருந்தே வந்தவை: நைசான களிமண் குழம்பில் இரும்பு போன்ற தாதுக்கள் கலந்து சிவப்பு, ஆரஞ்சு, கறுப்பு, சந்தன நிறம் என்று எடுத்து, தீட்டி, வழவழப்பாகத் தேய்த்து, அதிகச் சூடு இல்லாத நெருப்பில் சுட்டார்கள். கண்ணாடிப் பூச்சு கிடையாது. பளபளப்பு எல்லாம் தேய்த்து வந்ததுதான். அதனால்தான் இந்தக் கலங்கள் ஈரத்தையும் முரட்டுத் துடைப்பையும் தாங்காது. இது பின்னால் தேவைப்படும்.

ஒரு கலத்தைக் கிட்டத்தில் பார்ப்போம். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில், சந்தன நிறப் பின்னணியில் கறுப்புக் கோட்டால் வரைந்து, மேலும் கீழும் சிவப்புப் பட்டை கட்டிய ஒரு குவளை இருக்கிறது. அரியணையில் ஒரு கிழட்டுத் தெய்வம் உட்கார்ந்து, எதிரில் இருக்கும் இளம்பெண்ணின் மணிக்கட்டில் காப்பு கட்டிவிடுகிறது. சுற்றிலும் இன்னும் நான்கு பெண்கள். அவர்களில் ஒருத்தி குவளையைத் தூக்கிப் பிடித்து, நம் டீக்கடையில் ஆற்றுகிற மாதிரி, நுரை பொங்குவதற்காகக் கக்காவோ (சாக்லேட் செய்கிற கொட்டை) பானத்தை உயரத்திலிருந்து ஊற்றுகிறாள். அரியணைக்குக் கீழே ஒரு முயல் சிறுத்தைத் தோல் அட்டை போட்ட ஏட்டில் மும்முரமாக எழுதிக்கொண்டிருக்கிறது. அந்தப் பக்கம் முகமூடி போட்ட இருவர் கட்டிப்போட்ட ஒருவனின் தலையை வெட்டுகிறார்கள். அதைக் கவனி என்பதுபோல ஒரு பெண் இன்னொருத்தியின் பாதத்தைத் தட்டுகிறாள். கையளவு மண்ணில் இவ்வளவும். அந்த ஓவியரின் கோடு ஓரிடத்தில்கூடத் தயங்கவில்லை. நான் பார்த்த மாயா ஓவியங்களில் இதற்கு ஈடாக எதையும் சொல்ல மாட்டேன்.

வாய் விளிம்பை ஒட்டி எழுத்துப் பட்டை ஓடுவது வழக்கம். ஒரே வாசகம் பல கலங்களில் திரும்பத் திரும்ப வருவதை 1970களின் தொடக்கத்தில் மாயா ஆய்வாளர் மைக்கேல் கோ கவனித்தார். அது ஏதோ ஈமச் சடங்கு மந்திரம் என்று அப்போது கருதப்பட்டது. 1980களில் எழுத்துகளைப் படிக்கத் தொடங்கியபோது தெரிந்தது வேறு: இது இன்னாருடைய குடிக்கும் குவளை, இன்ன பானத்துக்கானது என்று உடைமையாளர் பெயரோடு எழுதி வைத்திருக்கிறார்கள். பல கலங்களில் பானம் கக்காவோ. சில கலங்களில் தீட்டியவரே கையெழுத்தும் போட்டிருக்கிறார். நரன்ஹோ அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆஹ் மாக்ஸாம் அப்படிக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர். அவருடைய நீரல்லிக் குவளை சிகாகோ கலைக்கழகத்தில் இருக்கிறது. அரச குடும்பத்து ஆள் உட்கார்ந்து குவளைக்கு ஓவியம் தீட்டியிருக்கிறார் என்றால், அந்தச் சமூகத்தில் இந்தக் கலைக்கு என்ன மதிப்பு இருந்தது என்று புரிந்துகொள்ளலாம்.

இந்தக் கலங்கள் எப்படி ஊர் விட்டுப் போயின

நல்ல ஓவியக் கலங்கள் பெரும்பாலும் கல்லறைகளில்தான் முழுசாக இருக்கும். அதனால் கொள்ளையர்கள் கோயில் மேடுகளைக் குடைந்து நேராகக் கல்லறைக்குப் போவார்கள். குவாத்தமாலாவில் ரியோ அசுல் என்ற இடத்தில் எண்பது பேர் வரை கூலிக்கு வைத்துத் தோண்டியிருக்கிறார்கள். 1981இல்தான் அது வெளியே தெரிந்து நின்றது. தொழிற்சாலை மாதிரி நடந்த கொள்ளை அது.

சட்டம் மெதுவாக வந்தது, ஓட்டைகளோடும் வந்தது. தொல்பொருள் கடத்தலைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் வந்தது 1970இல். தொல்பொருள் எல்லாம் நாட்டின் சொத்து, விற்க முடியாது என்று மெக்சிகோ 1972இல் கூட்டாட்சிச் சட்டம் போட்டது. அதே 1972இல் அமெரிக்காவும் ஒரு சட்டம் கொண்டுவந்தது, ஆனால் அது கட்டடச் சிற்பங்களுக்கும் நினைவுச்சின்னச் சிற்பங்களுக்கும் சுவரோவியங்களுக்கும் மட்டும்தான். மட்கலம் அதில் இல்லை. கல்தூணை அறுத்துக் கொண்டுவந்தால் பிடிப்பார்கள், ஓவியக் குவளையைப் பெட்டியில் சுற்றிக் கொண்டுவந்தால் அந்தச் சட்டம் தொடாது. குவாத்தமாலாவின் பெத்தேன் பகுதி மாயாப் பொருட்களுக்கு அமெரிக்கா அவசரத் தடை விதித்தது 1991இல்தான். இதற்கிடையில் எத்தனையோ கலங்கள் வீடுகளுக்கும் சேகரிப்பாளர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. சுற்றுலா போனவர் நினைவுப்பொருளாக வாங்கிவந்தது, தாத்தா யாரிடமோ பரிசாகப் பெற்றது என்று பரண்களில் ஏறியவையும் உண்டு. வீட்டுப் பெரியவர் காலமானதும் சாமான்களை மொத்தமாகத் தானக் கடைக்கு (தானமாக வரும் பழைய சாமான்களை விற்கும் கடை) அனுப்புவது அங்கே சாதாரணம்.

நாம் பேசுகிற குவளை இதில் எந்த வழியாக வந்தது என்று தெரியாது. கடைக்கு யார் கொடுத்தார்கள் என்பது வெளிவரவில்லை.

வாங்கியதும் வைத்திருந்ததும்

வாங்கியவர் வேலை விஷயமாக மெக்சிகோ போய் வருபவர், அங்குள்ள பழங்குடி மக்களோடு பழக்கம் உள்ளவர். குவளையில் மெக்சிகோ சாயல் தெரிந்ததால், அந்த நாட்டின் நினைவாக வீட்டில் இருக்கட்டும் என்று எடுத்தார். கொஞ்சம் பழசு மாதிரி இருந்தாலும் இருபது முப்பது வருடத்துக்கு முன் சுற்றுலாப் பயணிகளுக்காகச் செய்த நகல் என்றுதான் நினைத்திருக்கிறார்.

அப்படி நினைத்ததில் தப்பில்லை. மெக்சிகோவிலும் குவாத்தமாலாவிலும் மாயா பாணி நகல்கள் குவியலாக விற்கின்றன, அவற்றில் சில வெகு நன்றாகவே இருக்கும். எழுத்து சும்மா கிறுக்கினதுபோல் இருந்தால் போலி என்று ஒரு பேச்சு உண்டு. அதுவும் நம்பத் தகுந்ததல்ல: எழுத்துபோலத் தோன்றும் வெறும் அலங்காரக் குறிகளை அந்தக் கால மாயாக் கலைஞர்களே அசல் கலங்களில் தீட்டியிருக்கிறார்கள். மறுபக்கம், அசல் கலத்தில் மங்கிப்போன ஓவியத்தின் மேல் விற்பனைக்காகப் புதிதாக வண்ணம் பூசுவதும் பல பத்தாண்டாக நடந்துவருகிறது. சாதாரணமாகப் பார்க்கிற கண்ணுக்கு அசலும் போலியும் பிடிபடாத இடம் இது.

அருங்காட்சியகத்தில் வந்த சந்தேகம்

2024 ஜனவரிப் பயணத்தில் மெக்சிகோ நகரத்தின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தபோது, கண்ணாடிக்குள் இருந்த சில கலங்கள் தன் வீட்டில் இருப்பதைப்போலவே இருக்கின்றனவே என்று அவருக்குப் பட்டது. அங்கே பணியில் இருந்த ஒருவரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டார். ஊருக்குத் திரும்பியதும் மெக்சிகோ தூதரகத்தைத் தொடர்பு கொள்ளுங்கள் என்று வழிகாட்டினார்கள்.

நம் வீட்டில் இருப்பதும் இதுவும் ஒன்றா என்ற எண்ணம் யாருக்கும் ஒரு கணம் வரும், அடுத்த கணமே சேச்சே, நாலு டாலர் குவளை என்று தள்ளிவிட்டு நடந்துவிடுவோம். இவர் நின்று கேட்டார். அருங்காட்சியகக்காரர்களும் அசட்டை செய்யாமல் எங்கே போகவேண்டும் என்று சரியாகச் சொன்னார்கள். மொத்த நிகழ்வும் இந்த இடத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது என்று நினைக்கிறேன்.

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணங்கள்

முதல் முடிவு, ஏலக்காரரிடமோ பழம்பொருள் வியாபாரியிடமோ போகாமல் நேராகத் தூதரகத்திடம் போனது. வியாபாரியிடம் போயிருந்தால் முதல் கேள்வி என்ன விலை போகும் என்பதாக இருந்திருக்கும், கைமாறிய வரலாறு இல்லாத கலத்துக்கு வரலாறு ஒன்றை ஒட்டவைக்கும் ஆட்களும் அந்தச் சந்தையில் உண்டு.

இரண்டாவது, தூதரகம் கேட்டபடி படங்களையும் அளவுகளையும் அனுப்பியது. பொருளை உடனே தூக்கிக்கொண்டு ஓடவில்லை. இது நல்லது, ஏனென்றால் இப்படிப்பட்ட கலம் உடைவது பெரும்பாலும் நகர்த்தும்போதுதான்.

மூன்றாவது, அசல் என்று தெரிந்ததும் கொடுத்துவிட முடிவெடுத்தது. இணையத்தில் விற்றுப் பணம் பார்ப்பதைவிடத் திருப்பிக் கொடுப்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது, அது சேரவேண்டிய இடத்துக்குப் போகட்டும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வீட்டில் சின்னப் பையன்கள் இருக்கிறார்கள், இத்தனை நூற்றாண்டு தாங்கியது தன் கையில் வந்து உடைந்துவிடக்கூடாதே என்ற பயமும் இருந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். இரண்டு காரணமும் நேர்மையானவை, இரண்டாவதைச் சிரிப்புக்காகச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அலமாரி ஓரத்தில் ஒரு பந்து பட்டால் போதும்.

கட்டாயம் என்று எதுவும் வரவில்லை, அவராகவே முன்வந்து கொடுத்தார். நல்லெண்ணத்தில் வாங்கிய ஒருவரைத் திருடர் மாதிரி நடத்தினால் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார், பரணிலேயே மறைத்துவைப்பார் அல்லது இரவோடிரவாக விற்றுவிடுவார். மெக்சிகோ தூதரகம் நன்றியும் மரியாதையுமாக நடந்துகொண்டது. சில ஆண்டுகளாகவே அந்த நாடு ‘என் பாரம்பரியம் விற்பனைக்கு அல்ல’ என்ற பெயரில் ஒரு இயக்கம் நடத்திவருகிறது; ஏலங்களை எதிர்ப்பதோடு, தானாகக் கொடுப்பவர்களை ஊரறியப் பாராட்டுவதும் அதோடு சேர்ந்தே நடக்கிறது. அந்த அணுகுமுறை பலன் தருகிறது என்பதற்கு இந்த நிகழ்வே சாட்சி.

உறுதிப்படுத்தலும் ஒப்படைப்பும்

மெக்சிகோவில் தொல்பொருட்களுக்குப் பொறுப்பான தேசிய மானுடவியல் வரலாற்று நிறுவனம் பார்த்து, இது அசல் மாயாக் கலம், காலம் கி.பி. 200க்கும் 800க்கும் இடைப்பட்டது, சடங்குக்குப் பயன்பட்டது என்று உறுதி செய்தது. 2024 ஜூனில் வாஷிங்டனில் உள்ள மெக்சிகோ பண்பாட்டு மையத்தில் நடந்த நிகழ்ச்சியில் தூதர் முன்னிலையில் கலம் கைமாறியது. மெக்சிகோவுக்குப் போய் அருங்காட்சியகத்தில் சேரும் என்று அறிவித்தார்கள்.

இரண்டாயிரம் வருடப் பழமை என்று பல தலைப்புகள் வந்தன. 200 முதல் 800 என்றால் அதிகபட்சம் ஆயிரத்து எண்ணூறு வருடம், குறைந்தபட்சம் ஆயிரத்து இருநூறு. இந்தத் தவறு பெரிய விஷயமில்லை என்று விட்டுவிடலாம்தான், ஆனால் அந்த அறுநூறு வருட இடைவெளி பெரிய விஷயம்.

திரும்பி வராதது

ரியோ அசுலுக்கே திரும்பப் போவோம். கொள்ளை நின்றபிறகு தொல்லியலாளர் ரிச்சர்ட் ஆடம்ஸ் தலைமையில் முறையான அகழாய்வு நடந்தது. 1984இல் கொள்ளையர் கை படாத ஒரு கல்லறை கிடைத்தது. அதில் திருகி மூடுகிற மூடியும் மேலே கைப்பிடியும் கொண்ட ஒரு கலம், மேல்பூச்சின்மீது பெரிய பெரிய எழுத்துகள். மாயா எழுத்து ஆய்வாளர் டேவிட் ஸ்டூவர்ட் அவற்றில் கக்காவோ என்ற சொல்லைப் படித்தார். உள்ளே ஒட்டியிருந்த படிவைச் சுரண்டி ஹெர்ஷி சாக்லேட் நிறுவனத்தின் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். கக்காவோவில் இருக்கும் வேதிப்பொருட்களான தியோபுரோமினும் காஃபீனும் வந்தன. கக்காவோவேதான். வெளியே எழுதியிருப்பதும் உள்ளே இருந்ததும் ஒத்துப்போனது. எழுத்தை இப்படித்தான் படிக்கவேண்டும் என்பதற்குச் சோதனைச்சாலையே சான்று கொடுத்த மாதிரி ஆனது. கல்லறை யாருடையது, கூட என்ன வைத்தார்கள், ஐந்தாம் நூற்றாண்டில் எந்தப் பகுதி என்பதெல்லாம் சேர்ந்தே தெரியும்.

இன்னொன்று பெலிஸில். 1988இல் புவனாவிஸ்தா என்ற சிற்றரசின் கோயில் மேட்டில் ஒரு இளைஞனின் கல்லறையைத் தொல்லியலாளர்கள் திறந்தார்கள். நடனமாடும் சோளக் கடவுள் தீட்டிய அழகான குவளை ஒன்று கிடைத்தது. விளிம்பில் உடைமையாளர் பெயர் இருக்கிறது: 693இல் ஐந்து வயதில் பட்டத்துக்கு வந்த நரன்ஹோ அரசர் கஹ்க் திலிவ் சான் சாஹ்க். அரசருடைய சொந்தக் குவளை பக்கத்துச் சிற்றரசின் இளைஞன் கல்லறைக்கு எப்படி வந்தது? பரிசாகக் கொடுத்திருக்கிறார். அதாவது பெரிய அரசர் தன் பெயர் போட்ட குவளையைச் சிறிய அரசுக்குக் கொடுத்து உறவைக் கட்டிவைத்திருக்கிறார், வாங்கியவரின் குடும்பம் அதைக் கல்லறை வரைக்கும் கூட அனுப்பியிருக்கிறது. மாயா அரசியல் எப்படி நடந்தது என்பதற்கு இவ்வளவு தெளிவான சான்று அபூர்வம். இதே குவளையைக் கொள்ளையர் எடுத்து விற்றிருந்தால் நாம் என்ன எழுதியிருப்போம்? நரன்ஹோவிலிருந்து கிடைத்தது என்று எழுதியிருப்போம். பெயரைப் படித்து, ஊரைத் தப்பாகச் சொல்லி, அந்த இளைஞன் இருந்ததே தெரியாமல் போயிருக்கும்.

களிமண்ணை அணு ஆய்வு செய்து எந்தப் பகுதி மண் என்று கண்டுபிடிக்கிற முறை இருக்கிறது, ரொனால்ட் பிஷப்பும் டோரி ரீன்ட்ஸ்-புடேவும் பல வருடம் அந்த வேலையைச் செய்து, எத்தனையோ அனாதைக் கலங்களுக்கு அவை எந்த வட்டாரத்தில் செய்யப்பட்டவை என்று சொல்லியிருக்கிறார்கள். மகத்தான வேலை. ஆனால் மண் சொல்வது எங்கே செய்தார்கள் என்பதை, எங்கே புதைத்தார்கள் என்பதை அல்ல. புவனாவிஸ்தா குவளை காட்டுவது இரண்டும் வேறாக இருக்கலாம் என்பதைத்தான்.

நியூயார்க் புகைப்படக்காரர் ஜஸ்டின் கெர் 1970களில் சுழலும் மேடையில் குவளையை வைத்து, அதன் சுற்றோவியம் முழுவதையும் ஒரே நீளப் படமாக எடுக்கும் கேமராவை உருவாக்கினார். அவர் எடுத்த படங்களுக்குத் தந்த வரிசை எண்களைத்தான் இன்றும் ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அந்தத் தொகுப்பு இல்லாவிட்டால் மாயா எழுத்தைப் படிக்கும் வேலை இவ்வளவு வேகமாக நடந்திருக்காது. ஆனால் அதில் ஏராளமான கலங்களுக்குக் கிடைத்த இடம் தெரியாது. மேலே வர்ணித்த பிரின்ஸ்டன் குவளையும் அப்படித்தான், அருங்காட்சியகம் 1975இல் விலைக்கு வாங்கியது அது. முயல் எழுதுவதைப் பார்க்கலாம், யாருடைய கல்லறையில் இருந்தது என்று கேட்க முடியாது.

நான்கு டாலர் குவளையும் இந்த வரிசையில்தான் சேர்கிறது. கிடைத்த இடம் தெரிந்திருந்தால் அந்த அறுநூறு வருடம் ஐம்பது வருடமாகக்கூடச் சுருங்கியிருக்கலாம். மாயா நிலம் இன்றைக்கு ஐந்து நாடுகளில் பரவிக் கிடக்கிறது, பாணியையும் மண்ணையும் வைத்துத்தான் எந்த நாட்டுக்கு உரியது என்றே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒப்படைப்பு முழுக்கச் சரியான முடிவு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கொள்ளையில் போனதை ஒப்படைப்பு மீட்டுத்தராது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும் என்பதுதான் என் வாதம்.

அடுத்த முறை என்ன மாற வேண்டும்

மிக அவசரமானது கைமாறிய சங்கிலி. தானக் கடைகளில் யார் எந்தப் பெட்டியைக் கொடுத்தார் என்ற நினைவு சீக்கிரமே போய்விடும். இப்படி ஒரு பொருளின்மேல் சந்தேகம் வந்தால், அன்றைக்கே கடை, தேதி, ரசீது, கூட வந்த பொருட்கள் எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். கொடுத்த குடும்பம் கிடைத்தால், தாத்தா எந்த வருடம் எந்த ஊரில் வேலை பார்த்தார் என்ற ஒரு தகவல்கூட ஆய்வாளருக்குத் தங்கம். அடிப்புறத்தில் பழைய சீட்டு, மையில் எழுதிய எண் ஏதாவது இருந்தால் அதை உரிக்கவே கூடாது, அடியில் ஓட்டை இருந்தால் அடைக்கவும் கூடாது. சவக்குழியில் வைக்கும்போது வேண்டுமென்றே ஓட்டை போட்டு வைத்த மாயாக் கலங்கள் உண்டு, அதுவும் ஒரு சான்று.

கடைகளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, மலைபோல வரும் சாமான்களை ஒரு சிலர் உட்கார்ந்து பிரிக்கிறார்கள். ஆனால் பழைய மண்பாண்டம், எலும்புப் பொருள், கல் உருவம் என்று எது வந்தாலும் ஒரு படம் எடுத்துப் பக்கத்துப் பல்கலைக்கழகத் தொல்லியல் துறைக்கு அனுப்புகிற பழக்கம் வந்தால் நல்லது. ஒரு மின்னஞ்சல்தான்.

தூதரகங்கள் இந்தத் தொடர்பு வழியை எளிதாக்க வேண்டும். இந்தப் பெண்மணி நேரில் மெக்சிகோ போய் ஒருவரிடம் கேட்டதால் வழி தெரிந்தது. போக முடியாத ஒருவர் இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பவர்கள் ஏல நிறுவனங்களும் மதிப்பீட்டாளர்களும்தான்.

அப்புறம் கலத்தின் உள்பக்கம். வீட்டில் வைத்திருப்பவர்கள் முதலில் செய்வது கழுவுவது, அடுத்தது பூ செருகுவது. ரியோ அசுல் கலத்தைக் கழுவியிருந்தால் கக்காவோ கிடைத்திருக்காது. 2012இல் வெளிவந்த ஆய்வொன்றில், புகையிலைக்கானது என்று எழுதியிருந்த சிறு மாயாக் குப்பியின் உள்ளே நிகோடின் இருந்ததும் அப்படித்தான் தெரிந்தது. அந்தக் குப்பி எங்கே தோண்டி எடுத்தது என்று தெரியாது, ஆனாலும் உள்ளே ஒட்டியது மிஞ்சியிருந்தது. ஆகையால் திரும்பி வரும் ஒவ்வொரு கலத்தையும் கண்காட்சிக்காகச் சுத்தம் செய்வதற்கு முன்பே உள்படிவையும், களிமண்ணில் ஒரு துளியையும் மாதிரி எடுத்து ஆய்வுக்கு அனுப்பிவிட வேண்டும். அளவு, படம், சுற்றோவியம் எல்லாவற்றோடும் சேர்த்து முடிவுகளை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடவும் வேண்டும். கல்லறை போய்விட்ட கலத்திடமிருந்து இனி பெறக்கூடியது அவ்வளவுதான், அதையாவது முழுசாகப் பெற்றுவிடலாம்.